கூடி வாழும் கடமை மார்க்கத்துக்கு உள்ளேயே இருக்கிறது

நடுவர் அவர்களே, எதிரணிப் பெருமக்களே, அவையோரே, உங்கள் அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

பிற சமயத்தவரோடு ஒரே நாட்டு மக்களாகக் கூடி வாழும் மனம் முஸ்லிமுக்கு எங்கிருந்து வருகிறது, மார்க்கத்திலிருந்தா, நவீன அரசமைப்பிலிருந்தா என்பது இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். முஸ்லிமின் பற்று உலகளாவிய முஸ்லிம் சமுதாயமான உம்மத்தின் மீதுதான், நாட்டின் மீது இல்லை என்றார். முஸ்லிம் பேரரசுகளில் பிற சமயத்தவர் தங்கள் மீது மட்டும் விதிக்கப்பட்ட ஜிஸ்யா வரியைக் கட்டித்தான் வாழ்ந்தார்கள் என்றார். ஆகவே எல்லோரையும் சமமாக்கியது சட்டமே, மார்க்கத்துக்கு அதில் பங்கில்லை என்று முடித்தார். அந்தக் கடைசி வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை வரலாறு ஒருமுறை நேருக்கு நேர் சோதித்துப் பார்த்திருக்கிறது.

1856ஆம் ஆண்டு. துருக்கியைத் தலைமையிடமாகக் கொண்ட உஸ்மானியப் பேரரசு ஒரு சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் எல்லோரும் சம உரிமை பெற்ற குடிகள் என்றது அந்த ஆணை. எதிரணி கேட்கும் சட்டம் அதுவே. நான்கே ஆண்டுகள் கழித்து, 1860 ஜூலையில், அந்தப் பேரரசின் ஆட்சியில் இருந்த சிரியாவின் டமாஸ்கஸ் நகரில் கலகம் மூண்டு, கிறிஸ்தவர் குடியிருப்பு தீக்கிரையானது. ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆணை நடைமுறையில் இருந்தது, ஆளுநர் இருந்தார், அவரிடம் படையும் இருந்தது. ஆனால் ஆளுநர் அகமது பாஷா கலகத்தைத் தடுக்கவில்லை. அந்தக் குற்றத்துக்காகப் பின்னர் உஸ்மானிய அரசே அவரைச் சுட்டுக் கொன்றது.

அன்று தெருவில் இறங்கியவர் யார்? அமீர் அப்துல் காதிர். அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையை எதிர்த்து 15 ஆண்டுகள் போரிட்டவர். தோற்றார், பிரான்சில் சிறை வைக்கப்பட்டார், சொந்த மண்ணுக்குத் திரும்ப முடியாமல் டமாஸ்கஸில் குடியேறினார். கிறிஸ்தவ நாடு ஒன்று அவரிடமிருந்து எல்லாவற்றையும் பறித்திருந்தது. பழிவாங்க ஒரு மனிதனுக்குக் காரணம் வேண்டுமென்றால் அவரிடம் ஏராளமாக இருந்தது. அந்த நகரில் அவருக்கு எந்தப் பதவியும் கிடையாது, எந்தச் சட்டமும் அவரைப் பணிக்கவில்லை. ஆனாலும் தம்முடைய அல்ஜீரியத் தோழர்களுக்கு ஆயுதம் கொடுத்து அனுப்பி, கிறிஸ்தவர்களைத் தேடித் தேடிக் கொண்டுவந்து தம் வீட்டில் சேர்த்தார். வீடு நிறைந்ததும் காவலோடு நகரக் கோட்டைக்கு அனுப்பிவைத்தார். ஆயிரக்கணக்கானவர்கள் அவரால் உயிர் பிழைத்தார்கள். ஏன் செய்தீர்கள் என்பதற்கு அவரே பதில் எழுதியிருக்கிறார். இஸ்லாமியச் சட்டத்துக்கும் மனித உரிமைக்கும் கட்டுப்பட்டே செய்தோம் என்பது அவர் அல்ஜியர்ஸ் ஆயருக்கு எழுதிய கடிதத்தின் சாரம்.

கலகம் செய்தவர்களிலும் முஸ்லிம்கள் இருந்தார்களே என்று எதிரணியில் ஒருவர் கேட்கிறார். ஆம், இருந்தார்கள். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை, அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு வலிக்கிறது. ஆனால் என் வாதம் அங்கேதான் உறுதியாகிறது. கையில் தீப்பந்தம் பிடித்தவன் முன்னால் பேரரசின் ஆணை செல்லாக்காசாகிப் போனது. அவனை மறித்து நின்றவருக்குத் துணிவு கொடுத்தது அவர் ஓதிய வேதம்.

அடுத்து ஜிஸ்யா. இருந்தது, நடுவர் அவர்களே. அது இன்றைய பொருளில் சமத்துவமும் ஆகாது. அன்றைய பேரரசுகள் நடந்த முறைக்குள் சட்ட அறிஞர்கள் வகுத்த ஏற்பாடு அது. நாம் விவாதிப்பது வேறு கேள்வி. பேரரசுகள் தோன்றுவதற்கு முன்பு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் ஒரு சமுதாயத்தை அமைத்தபோது எதை அடித்தளமாக வைத்தார்கள்? 622இல் மக்காவை விட்டு இடம்பெயர்ந்து, அதாவது ஹிஜ்ரத் முடிந்து, மதீனா வந்த பிறகு எழுதப்பட்ட ஒப்பந்தத்தை, நபிகளாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய இப்னு இஸ்ஹாக் பதிவு செய்திருக்கிறார். அவ்ஃப் குலத்து யூதர்கள் நம்பிக்கையாளர்களோடு சேர்ந்து ஒரே சமுதாயம், யூதர்களுக்கு அவர்களுடைய மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்களுடைய மார்க்கம் என்கிறது அது. நகருக்கு ஆபத்து வந்தால் சேர்ந்து காப்பது எல்லோர் கடமை. பின்னாளில் சில யூதக் குலங்களோடு உறவு முறிந்து போர் மூண்டது உண்மை. முறிந்தது ஒப்பந்தம். அப்படி ஓர் ஒப்பந்தம் செய்யலாம், செய்ய வேண்டும் என்ற முன்மாதிரி முறியவில்லை. 2016 ஜனவரியில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள், சிறுபான்மையினரின் உரிமைக்கான பிரகடனத்தை எழுத அதே மதீனா ஒப்பந்தத்தைத்தான் கையில் எடுத்தார்கள்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனத்தைச் சொல்லி, "இணைவைப்பவர்களைக் கொல்லச் சொல்கிறதே" என்றார். ஐயா, நான்காம் வசனத்தையும் ஆறாம் வசனத்தையும் சேர்த்து ஓதியிருக்கலாம். உங்களோடு செய்த உடன்படிக்கையைக் காத்தவர்களுக்கு நீங்களும் காத்துக் கொடுங்கள் என்கிறது நான்கு. இணைவைப்பவர் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுங்கள், பின்பு அவரைப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்கிறது ஆறு. நீங்கள் சொன்ன ஐந்தாம் வசனம் உடன்படிக்கையை முறித்துப் போரிட்டவர்களைப் பற்றியது. அமீர் அப்துல் காதிர் அன்று செய்தது ஆறாம் வசனத்தில் சொன்ன அதே காரியம்.

இனி உம்மத்தா, நாடா என்ற வாதம். இது முஸ்லிம் அறிஞர்களுக்குள்ளேயே நடந்த பெரிய விவாதம் என்பதை எதிரணி சொல்லாமல் விட்டுவிட்டது. 1938 தொடக்கத்தில் டெல்லியில் பேசிய மௌலானா ஹுசைன் அஹ்மத் மதனி, இக்காலத்தில் தேசங்கள் நாட்டை அடிப்படையாகக் கொண்டே அமைகின்றன என்றார். கவிஞர் அல்லாமா இக்பால் பாரசீகக் கவிதையில் அவரைக் கடுமையாகச் சாடினார். இக்பாலின் அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். நாட்டையே கடவுளாக்கிக் கொண்ட ஐரோப்பாவை அவர் பார்த்திருந்தார். ஆனால் மதனி கேட்டது அந்த வழிபாட்டை அல்ல. அவர் சாதாரண மனிதரா? தேவ்பந்த் தாருல் உலூம் என்ற மார்க்கக் கல்லூரியின் தலைமை ஆசிரியர், நபிமொழிகளான ஹதீஸ் கற்பித்தவர், ஆங்கிலேயரை எதிர்த்ததற்காக மால்டாத் தீவில் சிறையிருந்தவர். அவர் காட்டிய ஆதாரங்கள் மதீனா ஒப்பந்தமும் திருக்குர்ஆனும். நூஹ் நபியும் ஹூத் நபியும் தம்மை மறுத்த மக்களைப் பார்த்து, "என் சமூகத்தாரே" என்றுதான் அழைக்கிறார்கள். நம்பிக்கை வேறானாலும் சமூகம் ஒன்றாக இருக்கலாம் என்பதற்கு இறைத்தூதர்களே சாட்சி என்றார் மதனி.

1940 மார்ச்சில் லாகூரில் முஸ்லிம் லீக், முஸ்லிம்களுக்குத் தனி நாடுகள் கோரும் தன் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதே மாதம் ராம்கரில், மக்காவில் பிறந்து அரபு மொழியோடு வளர்ந்த அபுல் கலாம் ஆசாத் காங்கிரஸ் தலைவராக எழுந்து நின்று, தாம் ஒரு முஸ்லிம் என்பதில் பெருமை கொள்வதாகவும், இந்தியர் என்பதிலும் பெருமை கொள்வதாகவும் அறிவித்தார். அப்போது இந்திய அரசமைப்பு எழுதப்படவே இல்லை! எழுதப்படாத சட்டம் எப்படி அந்தப் பற்றை அவருக்குள் விதைத்திருக்கும்?

இந்தியாவை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1926இல் தொடங்கிய இந்தோனேசியாவின் நஹ்தத்துல் உலமா, மார்க்க அறிஞர்களான உலமாக்கள் வழிநடத்தும் அமைப்பு. எந்த ஒரு மதத்தையும் அரச மதமாக்காத, இந்தோனேசிய அரசின் பஞ்சசீலக் கொள்கையை 1984இல் சிதுபோண்டோ மாநாட்டில் அது தன் அடிப்படையாக ஏற்றது. அதன் தலைமை அறிஞர் அஹ்மத் சித்திக் மூன்று சகோதரத்துவங்களைச் சொன்னார்: மார்க்கச் சகோதரத்துவம், நாட்டுச் சகோதரத்துவம், மனிதச் சகோதரத்துவம். ஒன்றுக்காக இன்னொன்றைத் துறக்க வேண்டியதில்லை. 2019இல் அதே அமைப்பின் உலமாக்கள் மேற்கு ஜாவாவின் பஞ்சார் நகரில் கூடி, நாட்டின் குடிமக்கள் என்ற முறையில் முஸ்லிமல்லாதவரை "காஃபிர்" (இறைமறுப்பாளர்) என்று அழைக்கக் கூடாது, அவர்களும் சம குடிமக்களே என்று முடிவெடுத்தார்கள். எந்த நீதிமன்றமும் அவர்களுக்கு உத்தரவிடவில்லை. மார்க்க நூல்களான கிதாபுகளைத் திறந்து வைத்துக்கொண்டு விவாதித்து எடுத்த முடிவு அது.

அரசமைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை மனதார ஏற்க வைப்பது எது என்று கேட்கிறேன். வெறுப்புப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் குழம்பிப்போன ஓர் இளைஞன் எதிரே வந்து, "அடுத்த வீட்டுக்காரன் வேறு மதம், அவனுக்கு நான் ஏன் நல்லது செய்ய வேண்டும்? மார்க்கத்தில் இருந்து ஆதாரம் காட்டுங்கள்" என்று கேட்கிறான். நான் அவனுக்கு திருக்குர்ஆனின் அறுபதாம் அத்தியாயத்தின் எட்டாம் வசனத்தை எடுத்துக் கொடுப்பேன். உங்களோடு மார்க்கத்துக்காகப் போரிடாதவர்களுக்கு, உங்களை வீட்டைவிட்டு விரட்டாதவர்களுக்கு, நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை, நீதி செய்பவர்களை அவன் நேசிக்கிறான் என்று அது சொல்கிறது. அவன் நம்பும் நூலிலேயே இருப்பதை அவன் எப்படித் தள்ளுவான்? அந்த இளைஞன் கையில் எதிரணி எதைக் கொடுக்கப் போகிறது என்று அடுத்து வரும் பேச்சாளர் சொல்லட்டும், நடுவர் அவர்களே. நன்றி.