இதோ வந்துட்டேன்

நண்பர்களே, வணக்கம்.

வெளியே கிளம்பும் நேரம். வாசலில் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்று உங்களைக் கூப்பிடுகிறார். உள்ளே இருந்து என்ன பதில் சொல்வீர்கள்? "இதோ வந்துட்டேன்!" வந்துவிட்டீர்களா? இன்னும் நாற்காலியை விட்டே எழுந்திருக்கவில்லை. கையில் ஃபோன் வேறு. ஆனால் வினைச்சொல் இறந்தகாலத்தில் நிற்கிறது. வராத ஆள் வந்து முடித்துவிட்டார்.

இதைத் தப்பு என்று சொல்ல முடியாது. விரைவு, மிகுதி, தெளிவு இவற்றை முன்னிட்டு ஒரு காலம் இன்னொரு காலமாக மாறி வரலாம் என்று நன்னூல் அனுமதி கொடுத்திருக்கிறது. காலவழுவமைதி என்று அதற்குப் பெயர். பள்ளியில் படித்திருப்பீர்கள், பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பீர்கள்.

இன்னொரு சங்கதி. இன்று 'வருகிறேன்', 'போகிறேன்' என்று நிகழ்காலத்தைக் காட்டுகிறோமே, அந்தக் 'கிறு', 'கின்று' எல்லாம் சங்கப் பாடல்களில் அநேகமாகக் கிடையாது. நடந்து முடிந்தது, முடியாதது என்ற இரண்டுதான் அன்றைய வினைச்சொற்களில் பளிச்சென்று பிரிந்து நின்றன என்கிறார்கள் மொழியியலாளர்கள். நிகழ்காலத்துக்கென்று தனி இடைநிலை பிற்பாடுதான் பரவலானது. எனக்கு இதில் ஓர் அற்ப ஆறுதல். நிகழ்காலத்தைப் பிடிப்பது மொழிக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் கைவந்திருக்கிறது, நாம் எம்மாத்திரம்? (மொழியியல் படித்தவர்கள் அரங்கில் இருந்தால் மன்னிக்கவும், இது வேடிக்கைக்குச் சொன்னது.)

மொழியில் வரும் காலவழுவை இலக்கணம் மன்னித்துவிடும். வாழ்க்கையில் வருவதுதான் பிரச்சினை. காலையில் குளித்துக்கொண்டிருக்கிறேன். உடம்பின் மேல் தண்ணீர் விழுகிறது. ஆனால் நான் அங்கே இல்லை. பதினொரு மணிக் கூட்டத்தில் உட்கார்ந்து, இன்னும் பேசாத ஒருவரோடு, அவர் இன்னும் சொல்லாத சொல்லுக்குச் சூடாகப் பதில் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். சண்டையில் ஜெயித்தும் விட்டேன். அப்புறம் திடீரென்று ஒரு சந்தேகம்: தலைக்கு ஷாம்பூ போட்டோமா இல்லையா? முடியைத் தொட்டு, விரலை மோந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. என் தலைக்கு நான் செய்த காரியத்துக்கு நானே சாட்சி இல்லை.

இது எனக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. ஹார்வர்டைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐஃபோன் செயலி ஒன்றின் மூலம் 2,250 பேரிடம், சொல்லாமல் கொள்ளாமல் ஏதோ ஒரு நேரத்தில், மூன்று கேள்விகள்: இப்போது என்ன செய்கிறீர்கள்? மனசு அதில் இருக்கிறதா, வேறெங்காவதா? எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள்? கிடைத்த பதில்களில் 46.9 சதவீதத்தில் மனசு வேறெங்கோ இருந்தது. கிட்டத்தட்டப் பாதி! எந்த வேலையை எடுத்துக்கொண்டாலும் குறைந்தது 30 சதவீதம் நேரமாவது மனசு ஊர் சுற்றப் போயிருந்தது. விதிவிலக்கு ஒரே ஒரு காரியம்தான். அது என்ன என்று மேடையில் சொல்வதாக இல்லை, நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆய்வில் என்னை உறுத்தியது வேறு இடம். கவலைப்படும்போது சந்தோஷம் குறையும், அது தெரிந்ததுதான். ஆனால் இனிமையான விஷயங்களைப் பகல்கனவு கண்டுகொண்டிருந்தவர்கள்கூட, கையில் இருந்த வேலையில் மனசு வைத்தவர்களைவிட அதிக சந்தோஷமாக இல்லை. கடற்கரையைக் கற்பனை செய்துகொண்டு பாத்திரம் தேய்ப்பவருக்கு, பாத்திரத்தைப் பார்த்துத் தேய்ப்பவரைவிட ஒன்றும் கூடுதலாகக் கிடைத்துவிடவில்லை.

உடனே ஒரு முடிவுக்குத் தாவுவார்கள். நேற்றை மற, நாளையை விடு, இந்த நொடியில் மட்டும் வாழ் என்பார்கள். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். இந்த நொடியில் மட்டும் வாழ்ந்த ஒரு மனிதரின் கதை நமக்குத் தெரியும்.

ஹென்றி மொலைசன். அமெரிக்கர். கடுமையான வலிப்பு நோய். 1953இல், 27 வயதில், அதற்காக மூளையில் அறுவை செய்தார்கள். இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு புதிதாக நடந்த எதுவும் அநேகமாக அவர் நினைவில் தங்கவில்லை. பல வருஷமாக அவரைச் சோதித்து வந்த ஆய்வாளர் அறைக்குள் நுழைந்தால், ஒவ்வொரு தடவையும் அது முதல் சந்திப்பு. 2008இல் இறக்கும்வரை, 55 வருஷம் இப்படித்தான். 'கணத்தில் வாழ்' என்ற உபதேசத்தை அவரைப் போல அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவர் யார்? அதை யாராவது விடுதலை என்று சொல்வோமா?

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஆய்வு 2007இல் வந்தது. ஹிப்போகாம்பஸ் பாதிக்கப்பட்டவர்களிடம் ஒரு காட்சியைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். கடலோரம் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், என்ன தெரிகிறது என்பது போல. பெரும்பாலானவர்களுக்குக் காட்சி கூடிவரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. பழையதைச் சேர்த்துவைக்கிற இடத்தில் கை வைத்தால், வரப்போவதை வரைகிற கையும் முடங்கிப்போகிறது. நேற்றும் நாளையும் நாம் நினைப்பதுபோல் எதிரெதிர்த் திசைகள் இல்லை, ஒரே பட்டறையில் தயாராகிறவை.

அப்படியானால் நிகழ்காலம் என்பதுதான் என்ன? இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் பார்வையில்லாத நண்பர் ஒருவர். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் அவரோடு நடந்து போனேன். முதல் சில நிமிடம் அவரை நான்தான் கூட்டிப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கவனித்தேன், நான்தான் இரண்டு இடத்தில் தடுக்கினேன்.

அவருடைய வெள்ளைக்கோலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வலது கால் முன்னே போகும்போது கோலின் நுனி இடப்பக்கம் தட்டுகிறது. இடது கால் போகும்போது வலப்பக்கம். அதாவது, இப்போது வைக்கிற காலுக்காக அது தட்டவில்லை. அடுத்து வைக்கப்போகிற கால் எங்கே விழுமோ அந்த இடத்தை முன்கூட்டியே தொட்டுப் பார்க்கிறது. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக, அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் ரிச்சர்ட் ஹூவர் என்பவர் 1940களில் உருவாக்கிய முறை இது. அதற்கு முன்பு கைத்தடி குட்டையாக இருக்கும், ஊன்றிக்கொள்ள. அவர் அதை நீளமாக்கி, ஊன்றும் கழியைத் தேடும் கழியாக மாற்றினார்.

அந்த நுனியை நினைத்துப் பாருங்கள். எங்கே போகிறோம் என்று அண்ணனுக்குத் தெரியும். எத்தனை திருப்பம், எந்த இடத்தில் படி இறங்கும் என்பது பழைய நடைகளிலிருந்து ஞாபகம் இருக்கிறது. போகிற இடமும் நடந்த ஞாபகமும் சேர்ந்து தரையைத் தொடுகிற புள்ளி அந்த நுனி. நிகழ்காலம் என்று நான் புரிந்துகொண்டது அதைத்தான். அதன் நீளம் ஓர் அடி எடுத்துவைக்கிற நீளம். ஒரு கணத்தைவிடப் பெரியது, ஐந்தாண்டுத் திட்டத்தைவிட ரொம்பச் சின்னது.

ஐந்தாண்டுத் திட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. இருபத்து மூன்று வயதில் நான் ஒரு நோட்டு போட்டேன். கட்டம் கட்டமாக, வண்ணப் பேனாவில், எந்த வருஷம் எங்கே இருப்பேன் என்று. சமீபத்தில் அலமாரியை ஒழிக்கும்போது கையில் அகப்பட்டது. அதில் எழுதிய ஒன்றுகூட நடக்கவில்லை. இப்போது நான் செய்துகொண்டிருக்கும் எதுவும் அதில் இல்லை. கட்டங்களை மட்டும் நன்றாகப் போட்டிருந்தேன், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

என் பாதையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இளைஞர்கள் கேட்கும்போது, ஜெயித்தவர்களின் கதையைச் சொல்ல எனக்குப் பிடிப்பதில்லை. அந்தக் கதைகள் எல்லாம் முடிவிலிருந்து பின்னோக்கிச் சொல்லப்படுபவை. வந்து சேர்ந்தவர் திரும்பிப் பார்த்தால் வழி நேர்கோடாகத்தான் தெரியும். நான் சொல்வது சின்ன விஷயம்: தட்டிப் பாருங்கள். ஆசிரியர் ஆகலாமா என்று ஆறு மாசமாக யோசிக்கிறீர்களா? இன்று சாயங்காலம் ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். மூன்றாவது தடவையும் புரியவில்லை என்று அந்தப் பிள்ளை சொல்லும்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, வேறு மாதிரி சொல்லிப் பார்க்கலாமே என்று ஆர்வம் வருகிறதா? அதைக் கவனிக்க நீங்கள் அந்த இடத்தில் இருக்க வேண்டும். மனசு பதினொரு மணிக் கூட்டத்தில் இருந்தால் தட்டிய சத்தமே காதில் விழாது.

அன்றைக்கு அண்ணனுடைய கோல் ஏதோ ஒரு கம்பத்தில் 'டங்' என்று இடித்தது. நான் பதறி, "அடடா, சொல்லியிருக்கணுமே, மன்னிச்சுக்கோங்க அண்ணே" என்றேன். அவர் சிரித்தார். "இடிக்கத்தானே தம்பி இதை வச்சிருக்கேன்? இது இடிக்கலேன்னா நான்ல இடிச்சிருப்பேன்" என்றார். நோட்டில் கட்டம் போட்ட வயதில் எனக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. சிலருக்கு நிகழ்காலமே வலிக்கிற இடம். நோயில் கிடப்பவர், வேண்டியவரைப் பறிகொடுத்தவர். அவர்களிடம் போய் 'இந்தக் கணத்தில் இருங்கள்' என்று உபதேசம் செய்யாதீர்கள். மனசு கொஞ்ச நேரம் வேறெங்காவது போய் இளைப்பாறினால் போகட்டும். நாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். அதுவும் ஃபோனைப் பார்க்காமல்.

அமைப்பாளர் கால் மணி நேரத்துக்கு முன்பு ஒரு சீட்டு கொடுத்தார், 'ஐந்து நிமிடம்' என்று. நான் அவரைப் பார்த்துத் தலையாட்டி என்ன சொன்னேன் என்பது முதல் வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்கும்.

"இதோ முடிச்சுட்டேன்."