மேற்படி, மேற்படி

வணக்கம் நேயர்களே. காப்பீட்டு முகவர் ஆவது எப்படி, அதற்கு என்ன விதிகள், அந்தத் தொழிலில் எப்படி முன்னேறலாம் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் 28 ஆண்டுகள் வளர்ச்சி அதிகாரியாக இருந்தவன். ஏஜெண்டுகளைத் தேடிப் பிடித்து, பயிற்சி கொடுத்து, அவர்களிடம் வேலை வாங்குகிற உத்தியோகம். எங்களைக் கண்டால் கல்யாணப் பந்தியில்கூட இரண்டு இலை தள்ளித்தான் உட்காருவார்கள். நீங்கள் வானொலிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பதால் தப்பித்தீர்கள்.

விதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 18 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, பான் அட்டை. 25 மணி நேரப் பயிற்சி. பிறகு ஐ.சி. 38 என்ற தேர்வு. கணினியில் 50 கேள்விகள், ஒரு மணி நேரம், தமிழிலேயே எழுதலாம். நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. முன்பெல்லாம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். 2015-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, நிறுவனமே நியமனக் கடிதம் தருகிறது. ஆனாலும் ஊரில் இன்னும் 'லைசென்ஸ் வந்துவிட்டதா?' என்றுதான் கேட்கிறார்கள். ஒருவர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் என்று வகைக்கு ஒன்றில் ஏஜெண்டாக இருக்கலாம். இரண்டு ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரே ஆள் கூடாது.

இதெல்லாம் மனப்பாடம் செய்துவிடக் கூடியது. என்னிடம் பயிற்சி பெற்ற ஒருவர் 50-க்கு 46 எடுத்தார். அவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவர் பிடித்த பாலிசிகளில் ஒன்று, அவர் தெருவிலிருந்த மளிகைக் கடைக்காரருடையது. பதினான்காம் மாதம் கடைக்காரர் இறந்துபோனார். பாலிசி எடுத்து இவ்வளவு சீக்கிரம் கிளைம் வந்தால் விசாரணை உண்டு. விசாரித்தார்கள். மருத்துவமனைச் சீட்டில் 'எட்டு ஆண்டுகளாக நீரிழிவு' என்று இருந்தது. பணம் இல்லை என்று கடிதம் போய்விட்டது. கடைக்காரரின் மனைவி கடிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார். திட்டவில்லை, அழவில்லை. 'அவர் கையெழுத்து மட்டும்தானே போட்டார்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் புரபோசல் படிவத்தை, அதாவது பாலிசி கேட்டு நிரப்பித் தரும் விண்ணப்பத்தை, எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் மஞ்சள்தூள் கறை. நீரிழிவு உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, மருத்துவமனையில் தங்கியது உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். முதல் கேள்விக்கு எதிரே 'இல்லை'. அதற்குக் கீழே கடைசி வரை பழைய கணக்குப்பிள்ளைகள் போடுவார்களே, மேற்படிக் குறி, அதுதான். மேற்படி, மேற்படி, மேற்படி. எல்லாம் நம் 46 மதிப்பெண்காரரின் கையெழுத்து.

கூப்பிட்டுக் கேட்டேன். 'கடையில் கூட்டம் சார், கல்லாவில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்' என்றார். அந்தப் படிவத்தோடு ஏஜெண்ட் தன் கையால் எழுதித் தர வேண்டிய ரகசிய அறிக்கை ஒன்று உண்டு. மனுதாரரை எவ்வளவு காலமாகத் தெரியும், உடல்நிலை எப்படி என்று நிறுவனம் ஏஜெண்டிடம் தனியாகக் கேட்கிற தாள். அதில் 'பத்து ஆண்டுகளாகத் தெரியும், உடல்நிலை நன்று' என்று எழுதியிருந்தார். பத்து ஆண்டுகளாக அந்தக் கடை வாசலில்தான் இவர் காலை டீ குடிப்பார். கடைக்காரர் டீக்காரப் பையனிடம் 'எனக்குச் சர்க்கரை போடாதே' என்று தினமும் சொன்னதைக் கேட்டவர்தானே இவர்!

பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டால் எந்தக் காரணத்துக்காகவும் அதை நிறுவனம் எதிர்த்துக் கேள்வி கேட்க முடியாது. காப்பீட்டுச் சட்டம் 45-ஆம் பிரிவு. அந்த மூன்று ஆண்டுகளுக்குள் எல்லாமே அந்தப் படிவத்தில் எழுதியிருப்பதை வைத்துத்தான். நீரிழிவு உண்டு என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரத்தப் பரிசோதனை கேட்டிருப்பார்கள், பிரீமியம் கொஞ்சம் கூடியிருக்கும். அதிகம் போனால் மறுத்திருப்பார்கள், ஏஜெண்டுக்கு ஒரு கமிஷன் கிடைக்காமல் போயிருக்கும். அந்தக் கமிஷனுக்காகத்தான் இவ்வளவும். அதனால்தான், தேர்வு எழுதப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், கூட்டம் என்றால் கடை சாத்தும்வரை காத்திருங்கள். கேள்வியை வாய்விட்டுப் படியுங்கள். அவர் சொல்வதை எழுதுங்கள். மீண்டும் சொல்கிறேன், அவர் சொல்வதை.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். முன்னேற்றத்தைப் பற்றி எழுதி வந்த தாள் அப்படியே இருக்கிறது. வேகமாகச் சொல்கிறேன். கமிஷனில் ஒரு பகுதியை வாடிக்கையாளருக்கே திருப்பிக் கொடுத்துப் பாலிசி பிடிப்பது 41-ஆம் பிரிவின்படி குற்றம், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், வாங்குகிறவரும் குற்றவாளிதான். மேலே படிக்க விரும்புகிறவர்களுக்கு மும்பையிலுள்ள 'இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா' லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெல்லோ என மூன்று நிலைகளில் தேர்வு நடத்துகிறது. அலுவலக வேலைக்குப் போகிறவர்களுக்கு அது கைகொடுக்கும். வண்டி விபத்து, தீ விபத்துச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வேலைக்கு ஆணையத்தின் தனி உரிமம் வேண்டும், அது வேறு பாதை. தரகர் நிறுவனங்களைப் பற்றிச் சொல்ல நேரமில்லை.

வீட்டில் பாலிசி வைத்திருப்பவர்கள் இன்று இரவு அதை எடுத்துப் பாருங்கள். உள்ளே புரபோசலின் நகல் இருக்க வேண்டும். இல்லையென்றால் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். உடல்நலக் கேள்விகளுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாட்கள் ஆகவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடவும் வழி உண்டு. நீங்கள் சொன்னதற்கு மாறாக எழுதியிருந்தால் உடனே எழுத்துமூலம் தெரிவியுங்கள், அந்தக் கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் முடிந்தது என்கிறார்கள். நன்றி, வணக்கம்.