மல்பெரி நத்தை போடும் போர்

(பாலக்கோட்டில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

"கடலே இல்லாத தருமபுரியில் கடல் நத்தையைப் பற்றி என்ன பேச்சு?" என்று சற்று முன் ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இந்த நத்தை நமக்கு அந்நியமே இல்லை. அதன் உருவம் மல்பெரிப் பழம், அதன் தொழில் ஆழ்துளைக் கிணறு மாதிரி போர் போடுவது.

இதோ, கன்னியாகுமரிக் கரையில் கிடைத்த வெற்று ஓடு. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. சாம்பல் நிற ஓட்டின் மேல் வரிசை வரிசையாகக் கறுப்பு மணிகள் புடைத்து நிற்கின்றன. பட்டுப்புழுவுக்காக நாம் வளர்க்கும் செடியை வெட்டாமல் விட்டால் பழுக்குமே, அதே பழம்தான். 1832இல் டுக்லோ என்ற பிரெஞ்சுக்காரர் இதை விவரித்தார். வெகுகாலம் இதற்கு மொருலா என்ற பெயரே வழங்கியது. லத்தீனில் அதற்குக் குட்டி மல்பெரி என்று பொருள். இப்போது டெங்குவெல்லா கிரானுலாட்டா என்கிறார்கள். இந்தியப் பெருங்கடலிலிருந்து பசிபிக் வரை, அலை வந்து போகும் பாறைகளில் இருக்கிறது.

இரை ஓடாது. பாறையோடு ஒட்டிக் கிடக்கும் சிப்பியும், கொட்டலசு என்ற சின்ன ஓட்டுயிரியும்தான் இதற்குச் சாப்பாடு. ஓடாத இரைக்குக் கல் போன்ற ஓடு காவல். அந்தக் காவலை உடைக்க இதனிடம் பலம் கிடையாது, பொறுமைதான் உண்டு.

இந்தத் தம்ளரில் எலுமிச்சைச் சாறு. ஒரு கிளிஞ்சலைப் போடுகிறேன். குமிழ் விடுகிறது பாருங்கள். ஓடு முழுக்கச் சுண்ணாம்பு, புளிப்பு பட்டால் கரையும். நத்தையின் பாதத்தில் புளிப்பைக் கசியவிடும் சின்ன உறுப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சிப்பியின் மேல் அழுத்திக் காத்திருக்கும். ஓடு இளகியதும் அரம் போன்ற நாக்கால் கொஞ்சம் சுரண்டும். மறுபடி அழுத்தும். இதன் உறவுக்கார நத்தை ஒன்றை ஆண்டுக்கணக்கில் கவனித்தவர் மெல்போர்ன் காரிக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர். அரை மணி நேரம்போல அழுத்தல், ஒரு நிமிடம்போலச் சுரண்டல், இப்படி மாறி மாறி. நம் ஊர் போர் வண்டி ஒரே நாளில் பல நூறு அடி இறங்கிவிடும். இந்த வகை நத்தைக்கு ஒரு மில்லிமீட்டர் இறங்கவே ஒரு நாள், இரண்டு நாள் ஆகிவிடும். துளை விழுந்ததும் தும்பிக்கை மாதிரி வாயை நீட்டி உள்ளே இருக்கும் சதையைத் தின்னும். எனக்கு இதைவிட வியப்பான வேலைக்காரன் தெரியாது.

இவ்வளவு உறுதியான பிராணியைச் சாய்த்தது ஒரு பெயின்ட். கப்பலின் அடியில் கொட்டலசு ஒட்டாமலிருக்க ட்ரைபியூட்டைல்டின் என்ற ரசாயனத்தைப் பெயின்ட்டில் கலந்து பூசினார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில், ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்த பங்கில் சில இருந்தாலே போதும், இந்தக் குடும்பத்துப் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. முற்றிப்போனவை முட்டையிட முடியாமல் மடிந்தன. இங்கிலாந்தில் 1970இலேயே இந்த மாற்றத்தைக் கண்டு எழுதினார்கள். உலக அளவில் தடை நடைமுறைக்கு வந்தது 2008இல். முப்பத்தெட்டு வருடம்! தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருப்பது என்ன செய்யும் என்பதை, ஃப்ளோரைடு கறை படிந்த பற்களோடு வளர்ந்த நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருமுன் நாம் எதைக் குடித்தோம் என்று உங்களுக்கே தெரியும்.

ராமேஸ்வரம் போனவர்கள் வீட்டில் கிளிஞ்சல் இருக்கும். சிலவற்றில் கடுகளவு வட்ட ஓட்டை இருக்கும், மாலை கோக்க யாரோ போட்டதுபோல. தூக்கிப் போடாதீர்கள். ஓட்டையின் சுவர் நேராக இறங்கினால் அது நம் மல்பெரி நத்தையின் குடும்பத்து வேலை. மேலே அகன்று உள்ளே குறுகிப் புனல் மாதிரி இருந்தால், மணலுக்குள் வாழும் நிலா நத்தையின் வேலை. கல்லாய்ப்போன பழங்காலச் சிப்பிகளிலும் யார் யாரைத் தின்றார்கள் என்று ஆய்வாளர்கள் இப்படித்தான் படிக்கிறார்கள்.

இந்தப் பையில் இருபது கிளிஞ்சல் வைத்திருக்கிறேன். முன்வரிசையிலிருந்து கைமாற்றுங்கள். டார்ச் இருப்பவர்கள் பக்கத்தில் பிடியுங்கள். நேர் ஓட்டை எத்தனை, புனல் ஓட்டை எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள், பிள்ளைகளே.