இன்ஜின் மாத்துன வண்டிக்கு கிளட்ச் வாங்கப் போறீங்களா?

(திரையில்: மேசை மேல ரெண்டு ஃபிளைவீல், பக்கத்துல பக்கத்துல)

ஸ்பேர்ஸ் கடையில கிளட்ச் கேட்டா முதல் கேள்வி, "எந்த வண்டிக்கு?" இன்ஜின் மாத்துன வண்டின்னா அதுக்கு ஒரே பதில் கிடையாது. பாடி ஒரு வருஷம், இன்ஜின் ஒரு வருஷம், கியர்பாக்ஸ் இன்னொண்ணு. அதனால செட்டா கேக்காதீங்க. எந்தப் பார்ட் எதுல போய் உக்காருதுன்னு பாருங்க.

அமெரிக்காவுல ரொம்ப சகஜமான ஒரு மாத்தலையே எடுத்துக்குவோம். 1967 ஷெவர்லே கமாரோ, மன்ஸி நாலு ஸ்பீடு கியர்பாக்ஸ். பழைய இன்ஜின் போயாச்சு. பதிலுக்கு வர்றது 1990 ஷெவர்லே பிக்கப்ல கழட்டின 350 கன இன்ச் வி8. பழசு, புதுசு ரெண்டுமே ஸ்மால் பிளாக், அதாவது ஷெவர்லேயோட ஒரே குடும்பத்து வி8. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேக்குற மணி மாதிரி கூடு, அதான் பெல் ஹவுசிங், அதோட ஓட்டை அப்படியே சேரும். அது சேர்ந்துடுறதாலதான் பல பேரு ஏமாந்து போறாங்க.

(திரையில்: கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முகம்)

1986-ல ஷெவர்லே கிராங்க் பின்பக்க ஆயில் சீலை ரெண்டு துண்டுல இருந்து ஒரே துண்டா மாத்தினாங்க. அதோட, கிராங்க் பின்னாடி மாட்டுற கனமான சக்கரம் இருக்கே, ஃபிளைவீல், அதோட போல்ட் வட்டமும் 3.58 இன்ச்ல இருந்து 3 இன்ச்சா சுருங்கிடுச்சு. பழைய ஃபிளைவீல் உக்காராது. லேத்ல குடுத்து புதுசா ஓட்டை போடலாமேன்னு தோணும். போடாதீங்க. புது கிராங்க்கோட பேலன்ஸ்ல ஒரு பங்கு ஃபிளைவீல்லயே இருக்கு, ஒரு பக்கம் மட்டும் கூடுதல் எடை வெச்சிருப்பாங்க. பழைய 350 ஃபிளைவீல்ல அது இல்ல. மாத்திப் போட்டா ஆர்பிஎம் ஏற ஏற வண்டி உதறும்.

ஃபிளைவீல்ல ரெண்டு சைஸ்: 153 பல், 168 பல். பெருசு 14 இன்ச், சின்ன பெல் ஹவுசிங்குள்ள போகாது. செல்ஃப் மோட்டாரும் பல்லுக்கு ஏத்ததா இருக்கணும்.

(திரையில்: இன்புட் ஷாஃப்ட் க்ளோசப், விரலால பல்லை எண்ணுவது)

கிளட்ச் பிளேட்டோட வெளிவட்டம் ஃபிளைவீலைப் பொறுத்தது. நடு ஓட்டைக்கு கியர்பாக்ஸ்தான் சொந்தக்காரன்; கியர்பாக்ஸ்ல இருந்து நீட்டிட்டு வர்ற இன்புட் ஷாஃப்ட் அதுலதான் நுழையும், ரெண்டுலயும் பல்லு ஒத்துப் போகணும். மன்ஸியில பழசு 10 பல்லு, 1970-கள்ல வந்தது 26 பல்லு. வேடிக்கை என்னன்னா ரெண்டுக்கும் ஷாஃப்ட் கனம் 1⅛ இன்ச்தான். வெர்னியர் வெச்சுப் பாத்தா ஒண்ணுமே தெரியாது. எண்ணித்தான் ஆகணும். கார் 1967, அதனால பாக்ஸும் 1967-ன்னு நம்பிடாதீங்க. அம்பது வருஷத்துல எத்தனை பேரு கை வெச்சிருப்பாங்களோ. வாங்கின பிளேட்டை முதல்ல ஷாஃப்ட்ல கையாலயே ஏத்திப் பாருங்க. தட்டாம, திணிக்காம வழுக்கிட்டுப் போகணும். மாட்டும்போது ஸ்பிரிங் புடைச்ச பக்கம் கியர்பாக்ஸைப் பாக்கணும். திருப்பிப் போட்டா ஃபிளைவீல் போல்ட்ல உரசும்.

பெடலை மிதிச்சா பிரஷர் பிளேட்டோட விரல் மாதிரி ஸ்பிரிங்கைத் தள்ளி கிளட்சை விடுவிக்கிறது ரிலீஸ் பேரிங். அதுல நீட்டு, குட்டைன்னு ரெண்டு வரும். பிரஷர் பிளேட் விரல்கள் வெளிய வளைஞ்சு நின்னா குட்டை, தட்டையா இருந்தா நீட்டு. நீட்டு போட வேண்டியதுல குட்டையைப் போட்டா பெடலை எவ்வளவு மிதிச்சாலும் கிளட்ச் முழுசா விடாது, கியர் கரகரன்னு கத்தும். குட்டை போட வேண்டியதுல நீட்டைப் போட்டா பேரிங் எப்பவும் விரல்மேல ஏறி உக்காந்துக்கும்; கிளட்ச் ஸ்லிப் ஆகி பேரிங்கும் சீக்கிரம் தீஞ்சிடும்.

(திரையில்: உள்ளங்கையில ஒரு சின்ன வெண்கல புஷ், பக்கத்துல காந்தம்)

இதுதான் பைலட் புஷ். இன்புட் ஷாஃப்ட் மூக்கு இதுக்குள்ளதான் நிக்கும். அந்த பிக்கப் ஆட்டோமேட்டிக்கா இருந்திருந்தா கிராங்க் நடுவுல இது இருக்காது, ஓட்டை காலியா கிடக்கும். கியர்பாக்ஸ் ஏத்தின பிறகு ஞாபகம் வந்தா திரும்ப எல்லாத்தையும் இறக்கணும். புதுசா வாங்கும்போது பாக்கெட்ல ஒரு காந்தம் வெச்சுக்கோங்க. புஷ் காந்தத்துல ஒட்டுச்சுன்னா அதுல இரும்பு கலந்திருக்கு, ஷாஃப்ட் மூக்கைத் தின்னுடும். ஒட்டாததா ஒண்ணு கேட்டு வாங்குங்க.