முழங்காலுக்குக் கீழே ஒரு பூங்கா

எல்லோருக்கும் வணக்கம். பறவையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் இவர் புதரைப் பற்றியே பேசுகிறாரே என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்குத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நகரத்து ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றில் விடிகாலையில் நடக்கிறீர்கள். வழவழவென்று வெட்டிய புல்தரை, இடம்விட்டு நட்ட மரங்கள், கரை நெடுகக் கான்கிரீட் சுவர். பறவைக்குப் பஞ்சமில்லை, காகமும் மைனாவும் மாடப்புறாவும் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. தலைகளை எண்ணினால் நிறைய, வகைகளை எண்ணினால் கைவிரல் போதும். அதே ஆற்றில் சற்றுத் தள்ளி, நாணலும் முட்புதரும் மண்டிக் கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு துண்டு நிலத்துக்கு வாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. அசையாமல் நின்றால் புதருக்குள் ஓர் இலை ஆடும். அப்புறம் கட்டைவிரல் பருமனில் ஒரு தையல்சிட்டு, வாலை விறைத்துக்கொண்டு இலையின் அடிப்பக்கத்தில் புழுவைத் தேடும். வெட்டிய புல்லில் அதற்கு என்ன வேலை?

ராபர்ட் மெக்கார்தர், ஜான் மெக்கார்தர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 1961இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து பார்த்தது. இலைப்பரப்பை 2 அடிக்குக் கீழே, 2 முதல் 25 அடி வரை, அதற்கு மேலே என்று மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். எத்தனை வகை மரம் என்பதைவிட, இந்த அடுக்குகளில் இலை எப்படிப் பரவியிருக்கிறது என்பதே பறவை வகைகளின் கணக்கோடு நன்றாகப் பொருந்தியது. நம் பூங்காக்களில் மேலடுக்கு இருக்கிறது. கீழடுக்கைத்தான் குப்பை என்று வாரிவிடுகிறோம்.

சரி, கரைக்கு வருவோம். கொக்கு நீந்தி மீன் பிடிப்பதில்லை, நின்று பிடிக்கிறது. கால் நனையும் ஆழம் வரைக்கும்தான் அதன் சாப்பாட்டு மேசை. கரை மெல்லச் சரிந்து இறங்கினால் அந்த மேசை அகலமாக இருக்கும். செங்குத்தாகச் சுவர் எழுப்பினால் மேசையே போய்விடும். உள்ளான் அலகால் குத்தித் துழாவுகிற சேறும் அதோடு போகும். சிறு மீன்கொத்திக்கோ செங்குத்தான கரை வேண்டும், ஆனால் அது மண்ணாக இருக்க வேண்டும். அதில் வளை தோண்டித்தான் முட்டையிடும். கான்கிரீட்டை அலகால் குடைய முடியுமா?

சத்தமும் கணக்கில் உண்டு. நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில், இரைச்சல் மிகுந்த இடங்களில் பட்டாணிக்குருவிகள் குரலின் சுருதியைக் கூட்டிப் பாடுவதை 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வண்டிச் சத்தம் தாழ்ந்த சுருதி, அதற்கு மேலே ஏறிப் பாடுகின்றன. எல்லாப் பறவைக்கும் இந்தச் சாமர்த்தியம் வாய்க்காது.

“புதர் விட்டால் பாம்பு வரும், இருட்டில் ஆள் மறைந்திருப்பான்” என்பார்கள். நியாயமான பயம்தான். நடைபாதையை ஒட்டித் திறந்தே வையுங்கள். தண்ணீர்ப் பக்கம் ஒரு பட்டையை மட்டும் கத்தி படாமல் விடுங்கள். பட்ட மரமும் அப்படித்தான். பாதைமேல் நீளும் கிளையைக் கழித்துவிட்டு அடிமரத்தை நிற்க விடலாம். மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்தில் அடுத்த வருடம் வேறொன்று குடியேறும்.

நாளை நடக்கப் போகும்போது ஒரு சின்ன நோட்டு எடுத்துப் போங்கள். பறவையின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, அது இருந்த இடத்தைக் குறியுங்கள்: புதருக்குள், தலை உயரத்தில், உச்சியில், நீரோரத்தில். ஒரு மாதம் கழித்தும் ‘புதருக்குள்’ என்ற கட்டம் காலியாகவே கிடந்தால், அந்த நோட்டைப் பூங்காவைப் பராமரிப்பவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.