காத்திருக்க வைத்த டர்போ, காத்திராத டர்போ

நேயர்களுக்கு வணக்கம். 'ஹாட் ஹேட்ச்' எனப்படும் வேகமான சிறு கார்களில் இரண்டை ஒப்பிட விரும்புகிறேன். ஒன்று 1985இல் பிரான்சில் வெளிவந்த ரெனோ 5 ஜிடி டர்போ. மற்றொன்று 2020இல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸ்.

ரெனோவின் 1397 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின் 115 குதிரைத்திறன் தந்தது. டொயோட்டாவின் 1618 சிசி எஞ்சினில் சிலிண்டர்கள் மூன்றே. ஆனால் ஐரோப்பாவில் முதலில் விற்ற வடிவத்தில் அதன் திறன் 261. எஞ்சின் கொள்ளளவின் ஒரு லிட்டருக்கு எவ்வளவு திறன் என்று கணக்கிட்டால் இது ஏறத்தாழ இரு மடங்கு. டர்போ முன்னேறியதுதான் இதற்குக் காரணம் என்று சொல்லிவிடலாம். பெட்ரோல் உள்ளே போகும் வழி மாறியதற்கே நான் கூடுதல் பங்கு கொடுப்பேன்.

வெளியேறும் புகையின் விசையில் சுழலும் டர்போ, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அழுத்தினால் காற்று சூடேறும்; அந்தச் சூட்டில், ஸ்பார்க் பிளக் மூட்டிய சுடர் வந்து சேரும் முன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்தால், மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்லும் அந்தத் தட்டல் பிஸ்டனையே பதம் பார்த்துவிடும். ரெனோவில் பெட்ரோலைக் கலந்தது கார்புரேட்டர். எஞ்சினின் அடிப்படை வடிவமோ 1962ஆம் ஆண்டினது. ஆகவே பொறியாளர்கள் அமுக்க விகிதத்தை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற அளவை, 7.9 ஆகக் குறைத்துப் பாதுகாப்புத் தேடினார்கள். அதற்கான விலையை ஓட்டுநர் கொடுத்தார்: ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதலில் மந்தம், பிறகு டர்போ விழித்துக்கொண்டதும் முன் சக்கரங்கள் ஸ்டியரிங்கையே பிடுங்குவது போன்ற பாய்ச்சல். சூடான எஞ்சினை நிறுத்தினால் கார்புரேட்டரிலுள்ள பெட்ரோல் ஆவியாகி, மறுபடி கிளம்ப அடம்பிடிக்கும். அதைத் தணிக்க, சாவியைத் திருப்பி எடுத்த பின்னும் கார்புரேட்டர்மீது காற்றை ஊத ஒரு மின்விசிறி வைத்தார்கள்.

யாரிஸிலோ இன்ஜெக்டர், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள்ளேயும் பீய்ச்சுகிறது. அங்கு ஆவியாகும் பெட்ரோல் காற்றின் சூட்டைத் தானே உறிஞ்சிக்கொள்வதால், டர்போ இருந்தும் அமுக்க விகிதத்தை 10.5 வரை வைத்துக்கொள்ள முடிந்தது. டர்போவின் அச்சும் சிறு குண்டுகள் தாங்கும் பால் பேரிங்கில் உராய்வு குறைவாகச் சுழல்வதால் பழைய தயக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

எடையில் மட்டும் காலம் பின்னோக்கிப் போயிருக்கிறது. ரெனோ சுமார் 830 கிலோ. நான்கு சக்கர இயக்கமும் இன்றைய பாதுகாப்பு விதிகளும் சேர்ந்த யாரிஸ் 1280 கிலோ. நூறு கிலோமீட்டர் வேகத்தை 5.5 நொடியில் தொடும் யாரிஸை ரெனோவால் நெருங்க முடியாது என்றாலும், சாதாரணச் சாலையின் சாதாரண வேகத்தில் ஓட்டுவதற்கு எனக்கு இலகுவான காரே பிடிக்கும்.

ராலிப் பந்தயத்தில் கதை தலைகீழாகிறது. கடையில் விற்பதற்கென்றே செய்த ரெனோ, பெரிய மாற்றங்களை அனுமதிக்காத குரூப் என் பிரிவில் ஓடியும், 1989இல் ஐவரி கோஸ்ட் ராலியில் ஆலென் ஒரெய் கையில் ஒட்டுமொத்த வெற்றி பெற்றது. உலக ராலிப் போட்டியில் அப்பிரிவுக் கார் பெற்ற ஒரே ஒட்டுமொத்த வெற்றி அதுதான். ராலி விதிகளை மனதில் வைத்தே பிறந்தது ஜிஆர் யாரிஸ். ஆனால் அதை அடிப்படையாகக் கொண்டு 2021க்கென உருவாகிக்கொண்டிருந்த உலக ராலிக் கார், பெருந்தொற்றுக் காலத்தில் கைவிடப்பட்டது. 2022இல் அதே பெயரில் முதல் பிரிவில் இறங்கியதோ, ஹைபிரிட் விதிகளுக்கேற்பக் குழாய்ச் சட்டகத்தில் கட்டிய வேறொரு கார்.