எதிரே வரும் காலம்

வணக்கம். இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை 5இல் படிக்கும் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். "டீச்சர், முன்னால் என்றால் முகத்துக்கு நேரே. அப்புறம் ஏன் முடிந்துபோனதை 'ஒரு வாரத்துக்கு முன்' என்கிறோம்? அம்மா 'பின்னால் பார்த்துக்கலாம்' என்று சொல்வது இனி வரப்போவதைத்தானே, அது ஏன் முதுகுப் பக்கம் போனது?"

அன்று என்னிடம் பதில் இல்லை. சாயங்காலம் ஈசூனில் பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதுதான் பிடிபட்டது. தூரத்தில் மூன்று பேருந்துகள் வரிசையாக வருகின்றன, நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். எனக்கு எதிரே வருகிறதே, அது எதிர்காலம். கடந்து போனது இறந்தகாலம். பழந்தமிழில் இறத்தல் என்றால் கடத்தல் என்றும் பொருள் உண்டு. வரிசையில் முன்னே வரும் பேருந்து முதலில் கடக்கிறது, பின்னே வருவது பிறகு. முன்னும் பின்னும் அந்த வரிசைக்குத்தான், என் முகத்துக்கும் முதுகுக்கும் இல்லை! முன்னோர் நமக்கு முன்பே கடந்துபோனவர்கள், அவ்வளவுதான். ஆனால் நாமே நடக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது: 'தேர்வு நெருங்குகிறது' என்பதும் தமிழ்தான், 'தேர்வை நெருங்கிவிட்டோம்' என்பதும் தமிழ்தான்.

எல்லா மொழியும் இப்படிப் பார்ப்பதில்லை. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியில் அய்மாரா மொழி பேசுபவர்களுக்குக் கடந்த காலம் கண்ணெதிரே இருக்கிறது, வரப்போவது முதுகுக்குப் பின்னால். 'நய்ரா' என்ற அவர்களுடைய ஒரே சொல் கண்ணையும் முன்புறத்தையும் கடந்ததையும் குறிக்கும். கண்டதுதானே தெரியும், வராததை யார் கண்டது? உடம்பால் அறிந்ததை வைத்துத்தான் உருவமில்லாததையும் யோசிக்கிறோம் என்று மொழியியலாளர் ஜார்ஜ் லேக்காஃப், தத்துவ அறிஞர் மார்க் ஜான்சன் இருவரும் 1980இல் விரிவாக எழுதினார்கள்.

பாதி நாளுக்கு மேல் ஆங்கிலத்திலேயே பேசிவிட்டு நம் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் முக்காலத்தை ஓர் அட்டவணையாக நீட்டுகிறோம், எனக்கு அதில் மிகுந்த வருத்தம். அடுத்த வகுப்பில் மேசைகளை ஒதுக்கிவிட்டு அந்தப் பிள்ளையை நடுவில் நிறுத்தினேன், மற்றவர்கள் வரிசையாக எதிரே வந்து அவளைக் கடந்து போனார்கள். முன்னால் வந்தது யார், பின்னால் வந்தது யார் என்று கேட்டதற்குத் தயங்காமல் சொன்னாள். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாரும் நில்லுங்கள், இப்போது நான் நடக்கிறேன்" என்றாள்.